செவலை தின்ற உப்புக்கண்டம்

மிருகங்கள் எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டு திரிந்த அந்தக் காலத்தில், நாயைப் போல வாயாடி வேறொன்று கிடையாது. ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல் திருப்பிச் சொல்லும். ‘போ’ என்றால் ‘எதற்கு?’ என்று கேட்கும். ‘வா’ என்றால் ‘நீ வா’ என்று சொல்லும். யார் வீட்டிலும் தங்காது, யார் பேச்சுக்கும் அடங்காது. அப்பேர்ப்பட்ட பிறவியை வழிக்குக் கொண்டுவந்தவள் மலையடிவாரத்து மாடத்தி. ஆடு மேய்க்கிறவள்.

அவளிடம் இருபத்தைந்து வெள்ளாடுகள் இருந்தன. ஒரே மாதத்தில் மூன்று குட்டிகளைச் செந்நாய்க் கூட்டம் தூக்கிவிட, இருபத்திரண்டுதான் மிஞ்சின. அவள் புருஷன் சுடலைக்கு வெறுத்துப் போயிற்று.

“ஏட்டி, இன்னும் ஒரே ஒரு ஆடு போச்சுன்னா பாத்துக்க. மிச்சம் எல்லாத்தையும் சந்தையில தள்ளிட்டு, கீழ ஊருக்குப் போயி நாத்து நட வேண்டியதுதான்.”

மாடத்தி மசியவில்லை. ஒவ்வொரு ஆடும் அவள் கையில் பிறந்தது. விற்பதாவது! மறுநாளே ஓடைக்கரையில் தனியாகக் கத்திக்கொண்டு கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிவப்பாக இருந்ததால் செவலை என்று பேர் வைத்தாள்.

சுடலை விழுந்து விழுந்து சிரித்தான். “இதுவா காவல் காக்கப் போவுது? இது பேசுத பேச்சுக்குச் செந்நாயே காதப் பொத்திக்கிட்டு ஓடிரும்!”

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. இதை என் சொல்லுக்கு நிக்க வைக்கலன்னா நான் மாடத்தி இல்ல.”

சொன்னதோடு நிற்கவில்லை. கறியை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்த உப்புக்கண்டத்தை எடுத்து, நகக்கண் அளவுக்கு நறுக்கி, மடியில் முடிந்துகொண்டாள்.

“செவலை, உக்காரு.”

“எதுக்கு? எனக்கு நிக்கதுதான் வசதி.”

மாடத்தி வாதாடவில்லை. ஒரு துண்டை அதன் மூக்குக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். வாசனைக்கு அண்ணாந்த குட்டிக்குப் பின்பக்கம் தானாகத் தரையில் பட்டது. பட்ட கணமே துண்டு வாய்க்குள் விழுந்தது. கூடவே அதன் தாடையைச் சொறிந்து, கண்ணுக்குக் கண் பார்த்து, “ஆங், அப்படித்தாம்ல என் ராசா!” என்றாள்.

“இவ்வளவுதானா? பல்லுக்குக் கூடக் காணாதே!”

“இன்னொரு தடவ உக்காரு, இன்னொண்ணு உண்டு.”

உட்கார்ந்தது. அவ்வளவுதான், பாடம் ஆரம்பமாகிவிட்டது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் சுடலை கெடுத்தான். குட்டி சிணுங்கியது என்று இரக்கப்பட்டு ஒரு துண்டை எடுத்துப் போட்டுவிட்டான். செவலை லேசுப்பட்டதா? அடுத்த நாள் முழுக்க, உட்காராமல் கொள்ளாமல் சிணுங்கிக்கொண்டே கிடந்தது. மாடத்தி புருஷனைப் பிடித்து ஏசு ஏசு என்று ஏசினாள். “சிணுங்குனா கறி கெடைக்கும்னு நீங்க பாடம் எடுத்திருக்கீக!” அதை மறக்கடிக்க அவளுக்கு எட்டு நாள் ஆயிற்று.

‘இரு’ பழகியது. ‘வா’ பழகியது. கடைசியாக ‘மறி’ பழகியது. அதாவது, ஆடுகள் தப்பான பக்கம் போனால் ஓடிப்போய்க் குறுக்கே நின்று திருப்ப வேண்டும். மூன்று மாதத்தில் செவலை மறித்தால் மந்தை திரும்பியது. செந்நாய்கள் கீழே பள்ளத்துக்குள் பட்டினி கிடந்தன.

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது கிழட்டுச் செந்நாய் ஒன்று. ஒருநாள் உச்சிவெயிலில், மாடத்தி எதிர்ச் சரிவில் தழை ஒடிக்கப் போயிருந்த சமயம், அது செவலையிடம் வந்தது.

“ஏலே, என்னத் தெரியுதா? நான் உனக்குப் பெரியப்பா முறை. என் நிறத்தப் பாரு, உன் நிறத்தப் பாரு.”

“ஆமா, பெரியப்பா!”

“வெக்கமா இல்லையால உனக்கு? நகத்தளவு கறியப் போட்டு ஒரு பொம்பள உன்ன ஆட்டி வைக்கா. நான் முழுத் தொடையே தாரேன். தின்னுட்டு, ஆட்டப் பூராவும் பள்ளத்துப் பக்கம் ஓட்டிட்டு வா.”

மான் தொடை ஒன்றை அதன் முன்னால் எறிந்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பள்ளத்துக்குள் இறங்கியது. அது போட்ட கணக்கு என்ன? சின்னத் துண்டுக்கே இவ்வளவு கேட்கிறது, பெரிய துண்டு போட்டால் என்னதான் கேட்காது! பெரியப்பாவுக்குக் கறி தெரியும், பாடம் எடுக்கத் தெரியாது.

செவலை தின்றது. தின்றது, தின்றது, வயிறு பானையாகும்வரை தின்றது. பள்ளத்திலிருந்து பெரியப்பா கூப்பிட்டபோது கண்ணைத் திறக்கவே அதற்குச் சோம்பலாக இருந்தது.

“பெறகு வாரேன், பெரியப்பா.”

“ஏலே, கறியத் தின்னியேல!”

“அதான் முடியல.”

செந்நாய்க்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சீழ்க்கை அடித்துக் கூட்டத்தைக் கிளப்பி, மேட்டுப் பக்கமிருந்து வளைத்து விரட்டியது. மிரண்ட ஆடுகள் இருபத்திரண்டும் பள்ளத்தின் வாயை நோக்கி ஓடின. கீழே மீதிச் செந்நாய்கள் காத்திருந்தன.

எதிர்ச் சரிவிலிருந்து மாடத்தி பார்த்தாள். அவள் ஓடி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். கை தன்னால் மடிக்குப் போயிற்று. அப்போதுதான் செவலையைக் கண்டாள். மரத்தடியில் மல்லாந்து கிடக்கிறது, பக்கத்தில் எலும்பு!  வயிறு முட்டத் தின்ற நாய்க்கு உப்புக்கண்டம் எந்த மூலைக்கு? இத்தனை மாதப் பாடமும் போச்சே, ஆடும் போச்சே!

ஆனாலும் அவள் மாடத்தி அல்லவா. மடியை விட்டுவிட்டு, வெறுங்கையை உயர்த்தி, தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

“செவலை, மறி!”

செவலை புரண்டு எழுந்தது. தொங்கிய வயிறு தரையைத் தேய்க்க ஓடியது. நடுவில் இரண்டு தடவை ஏப்பம் விட்டது. பள்ளத்தின் வாயில் போய்க் குறுக்கே நின்று, தொண்டை கிழியக் குரைத்தது. முன்னால் வந்த கிடா முளையடித்தாற்போல நின்றது, மந்தை முழுக்க அப்படியே திரும்பியது. அதற்குள் மாடத்தி தொரட்டிக் கம்போடு வந்து சேர்ந்தாள். செந்நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு காட்டுக்குள் போயின.

மாடத்தி ஆடுகளை எண்ணினாள். இருபத்திரண்டும் இருந்தன. மூச்சிரைக்கச் செவலையின் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஏலே, வயிறு முட்டத் தின்னுட்டுத்தான கெடந்த? பெறகு எதுக்குல ஓடியாந்த? கறிக்கா?”

“கறியா! அந்தப் பேச்சே வேண்டாம்க்கா, குமட்டுது.”

“பெறகு?”

“பெரியப்பா கறிய வீசிட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. நீ ஒவ்வொரு துண்டுக்கும் என் மூஞ்சியப் பாத்து ஒண்ணு சொல்லுவல்லா? அதக் கேக்கத்தான் வந்தேன். இன்னும் நீ சொல்லல.”

மாடத்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அதன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அப்படித்தாம்ல என் ராசா! அப்படித்தாம்ல!” என்று ஊருக்கே கேட்கச் சொன்னாள். சுடலை அதற்குப் பிறகு சந்தைப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த ஒன்றைக் கேட்டபின் செவலைக்கு வேறு பேச்சு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாயாடுவதை விட்டது. அன்று முதல்தான் நாய், போட்ட துண்டை விழுங்கியதும் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கிறது. இன்னும் கறி கேட்கிறது என்று நினைத்து நாம் மறுபடியும் மடிக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம்.