முகம் இல்லாத கிண்ணம்

காலை ஆட்டாம படு. நீ ம் சொன்னாத்தான் நான் மேல சொல்லுவேன், ஆமா.

கடலுக்கு அந்தாண்ட ஜப்பான்னு ஒரு தேசம். அங்க ஒரு ஊர்ல குமேன்னு ஒருத்தி இருந்தா. கிண்ணம் வனையறதுதான் அவ வேலை. தேநீர் குடிக்கிற கிண்ணம். உன்னை மாதிரி மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு ஓடுறதில்ல. ரெண்டு கையாலயும் ஏந்தி, நிதானமா, கோயில்ல தீர்த்தம் வாங்குற மாதிரி குடிக்கணும்.

அவளுக்கு ஒரு சிநேகிதி, பேரு சாயோ. குமே கிண்ணம் செய்வா, சாயோ அதுமேல தூரிகையால எழுதுவா. என்ன எழுதுவா? அவங்க ஊர்ல ஒரு பழைய கதை, நிலாவைத் தேடிப் போன நாரையோட கதை. அதுலேருந்து கிண்ணத்துக்கு ஒரு வரி. சர்ர்ருனு இழுத்தாள்னா எழுத்து அப்படியே நீந்தும். ம்?

"ம்."

அப்புறம் ஒரு நாள் ஒரு பெரிய மனுஷர் வந்தார். கிண்ணத்தை எடுத்துப் பாத்தார். "என்ன எழுத்து, என்ன எழுத்து"ன்னு புகழ்ந்தார். கிண்ணத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. குமேவுக்கு வயிறு எரிஞ்சுது. எரியாதா பின்ன? மண்ணை மிதிச்சவ அவ, சூளை முன்னால வெந்தவ அவ. அவர் போனதும் சாயோவைப் பாத்து, "என் கிண்ணத்தையெல்லாம் மை பூசி அழுக்காக்குற நீ"ன்னுட்டா.

சாயோ தூரிகையைக் கழுவினா, துடைச்சா, ஆத்தைத் தாண்டி அக்கரையில இருக்கிற தன் வீட்டுக்குப் போயிட்டா. அப்புறம் வரவே இல்ல.

மாசக்கணக்காச்சு. குமேவுக்குச் சோறு இறங்கல. அப்போ படகுக்காரர் ஒரு சேதி கொண்டாந்தார். "சாயோம்மா தீவுல இருக்கிற மக வீட்டுக்கே போறாங்களாம். நாலு நாள்ல கப்பல். இனிமே திரும்பி வரமாட்டாங்களாம்."

மொத நாள், இருக்கிறதுலயே நல்ல கிண்ணமா ஒண்ணு எடுத்துப் படகுக்காரர்கிட்ட குடுத்தனுப்பினா. போன படகுலயே திரும்பி வந்துச்சு. கட்டுன துணியைக்கூட அவிழ்க்கல.

ரெண்டாம் நாள் அவளே போனா. டொக் டொக். உள்ள சரக் சரக்குன்னு நடக்குற சத்தம் கேக்குது, கதவு திறக்கல. பனி பொலபொலன்னு கொட்டுது. மன்னிச்சுக்கோடின்னு சொல்லத்தான் வந்தா, ஆனா சொல்லல. ரோஷக்காரி. கால் மரத்துப்போய்த் திரும்பினா. ம்?

"...ம்."

மூணாம் நாள் சாயங்காலம் வரைக்கும் யோசிச்சு, வழியனுப்புத் தேநீருக்கு வான்னு சொல்லி அனுப்பினா. ஊரை விட்டுப் போறவங்களை அதுக்குக் கூப்பிட்டா வராம இருக்கக் கூடாது. அது அங்க வழக்கம். அதனால கப்பல் கெளம்புற அன்னிக்குக் காலையில சாயோ மூட்டையோட வந்தா. உக்காந்தா.

குமே ஒரு கிண்ணத்துல பச்சைத் தேயிலைப் பொடியும் வெந்நீரும் விட்டு, மூங்கில் மத்தால சரசர சரசரன்னு தேநீரைக் கடைஞ்சா. பச்சைப் பசேல்னு நுரை. அப்படியே கிண்ணத்தோட நீட்டினா.

இங்க ஒரு விஷயம் கேட்டுக்கோ. அந்தக் கிண்ணத்துக்கெல்லாம் முகம் உண்டு. எழுத்து எந்தப் பக்கமோ அதுதான் முகம். முகத்துல வாய் வச்சுக் குடிச்சா மரியாதை இல்ல, அதனால விருந்தாளி கிண்ணத்தை மெதுவா திருப்பிட்டுத்தான் குடிக்கணும்.

சாயோ வாங்கினா. ஒரு தடவை திருப்பினா. இன்னொரு தடவை. மறுபடியும். எழுத்து இல்ல, பூ இல்ல, ஒரு கோடு இல்ல. சுத்திச் சுத்தி வெள்ளை. எந்தப் பக்கம் வாய் வைக்கிறதுன்னு தெரியல. தேநீர்ல ஆவி பறக்குறது நின்னு போச்சு.

"எதுடி இதுக்கு முகம்?"னா.

குமேவுக்குக் கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டிடுச்சு. "இல்லடி. நீ போனதுலேருந்து நான் செஞ்ச எதுக்கும் முகம் வரல. அன்னிக்கு அவர் உன்னைப் புகழ்ந்தார், எனக்குப் பொறாமை. கிண்ணத்துல அழுக்கு இல்ல, என் வாயிலதான் இருந்துச்சு."

சாயோ ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சுல குடிச்சா. கிண்ணத்தைத் துடைச்சா. மூட்டையை அவிழ்த்துத் தூரிகையை எடுத்தா. சர்ர்ருனு ஒரு வரி. "நாரை திரும்பித் தன் வயல்லயே இறங்கிச் சிறகை மடக்கிக்கிச்சு."

அப்போ கரையில சங்கு ஊதுறாங்க. பூஊஊம்... பூஊஊம்... படகுக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "சாயோம்மா, கப்பல் கெளம்புது."

சாயோ தலையைத் தூக்கல. "மை இன்னும் காயலையேப்பா. வசந்தத்துல வந்து பாக்குறேன்னு என் மகளுக்குச் சொல்லி அனுப்பு"ன்னா.

ரெண்டு பேரும் கிண்ணத்துக்கு ரெண்டு பக்கமும் குனிஞ்சு ஊதினாங்க. ஃபூ... ஃபூ...

கப்பல் போயிடுச்சு, மையும் காஞ்சுடுச்சு. ம் சொல்லக் காணோமே?

சரி, தூங்கு.