வெட்டப்படாத கூப்பன்

மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள். இது பாளையங்கோட்டைக் கதை. இத்தனைக்கும் கதை தொடங்குவது ஒரு பொம்மைப் புத்தகத்தில்தான்.

1979-இல் ‘சாம்பல் வேந்தன் தோன்றுகிறான்’ என்றொரு காமிக்ஸ் வந்தது. முதல் இதழ், அதோடு அச்சகமே மூடிவிட்டது. தீயில் செத்த ஒரு ஆள் சாம்பலிலிருந்து எழுந்து வருகிறான். முகம் முழுக்கத் துணி சுற்றியிருக்கும். எரிகிற வீடுகளுக்குள் புகுந்து ஆட்களைத் தூக்கி வருவான். நெருப்பு அவனை ஒன்றும் செய்யாது. கடைசிப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் துணியை அவிழ்த்து முகத்தைக் காட்டுகிறான். அங்கேதான் அச்சகத்துப் புண்ணியவான்கள் ஒரு காரியம் பண்ணினார்கள். அந்தக் கட்டத்துக்கு நேர் பின்புறம் ஒரு கூப்பன்! வெட்டி அனுப்பினால் முகமூடி இலவசமாம். பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஊர் ஊருக்குக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். முகமூடி ஒருத்தருக்கும் வந்து சேரவில்லை என்பது தனி வயிற்றெரிச்சல். மிஞ்சிய பிரதிகள் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை. வேந்தனின் முகம் எப்படி இருக்கும் என்று எங்களைப்போன்ற காமிக்ஸ் பைத்தியங்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியில் எங்கள் கூட்டத்து வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் முகைதீனுக்கு வெட்டாத பிரதி ஒன்று கிடைத்தது. மூடிப்போன ஒரு வாடகை நூல்நிலையத்தின் மூட்டையில் இருந்தது. அந்த நூல்நிலையக்காரர் பிள்ளைகளுக்குப் பயந்து எல்லாக் கூப்பன் மேலும் பிரவுன் பேப்பர் ஒட்டிவிடுவாராம். முகைதீன் உடனே கூட்டாளி பால்துரையைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. துணிக்குள் இருந்தது ஆணே இல்லை. பாதி கருகிய ஒரு பெண்ணின் முகம். பக்கத்தில் ஒரே ஒரு வரி: “நான் ரோஸ்மேரி. ஸ்டவ் வெடிக்கவில்லை.”

கதையில் எங்கேயும் ஸ்டவ்வே கிடையாது. இதென்ன கூத்து என்று இருவரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள்.

இதழை மறுபதிப்புப் போட நினைத்தார்கள். அதற்கு ஓவியரின் வாரிசிடம் அனுமதி வாங்க வேண்டும். ஓவியர் தேவசகாயம் போய்ச் சேர்ந்து வெகுகாலம். தங்கை மகள் ஸ்டெல்லா மட்டும்தான் இருந்தார். தபால் ஆபீசில் வேலை, நாற்பத்தேழு வயது. ஞாயிறு காலையில் சந்தோஷமாகக் கடைக்கு வந்தார்.

“மாமா வரைஞ்ச படம் ஒண்ணுகூட நான் பாத்ததில்ல அண்ணாச்சி. அவங்கள எங்கப்பா வீட்டுப் படி ஏறவிடல. ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டாங்க.” கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். “புத்தகத்துல முதப் பக்கத்துல எங்கம்மா படத்தப் போட முடியுமா? ரோஸ்மேரின்னு பேரு. எனக்கு ஒரு வயசு இருக்கையில ஸ்டவ் வெடிச்சுப் போயிட்டாங்க. அப்பாதான் வேற கல்யாணம் கட்டாம என்னை வளத்தாங்க. இப்ப படுத்த படுக்கை. பதினோரு மணிக்குக் கஞ்சி குடுக்கப் போவணும்.”

போட்டோவில் இருந்தது அதே முகம்.

பால்துரை மேசைமேல் மூடிக் கிடந்த இதழைப் பிடுங்கினார். கத்தரிக்கோலை எடுத்தார். நாலே வெட்டு. துண்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

“என்னவே பண்ணிட்டீரு!” என்று அலறினார் முகைதீன்.

பால்துரை அவரைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். “படம் சாட்சி ஆகுமாவே? வரைஞ்ச மனுஷன் கண்ணால பாத்தாரா, வயித்தெரிச்சல்ல வரைஞ்சாரா, யாருக்குத் தெரியும்? அந்தப் புள்ளைக்கு உலகத்துல அப்பன் ஒருத்தன்தான்வே இருக்கான்.”

“அத முடிவு பண்ண நீரும் நானும் யாரு?” என்றார் முகைதீன்.

கூட்டாளியின் பையிலிருந்து துண்டை எடுத்தார். திரும்பி வந்து, படம் கீழே இருக்கும்படி ஸ்டெல்லாவின் கையில் வைத்தார். “இது உங்க அம்மாவப் பத்தி உங்க மாமா சொன்னதும்மா. பாத்தா மனசு தாங்காது. பாக்காமலே கிழிச்சுப் போட்டாலும் நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

ஸ்டெல்லா திருப்பிப் பார்த்தார். துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனார்.

பதினோரு மணிக்கு அப்பா ஞானதுரைக்குக் கஞ்சி ஊட்டினார். இரண்டு கரண்டி உள்ளே போனதும் கேட்டார்: “அப்பா, அம்மா செத்தன்னைக்கு ஸ்டவ் வெடிச்சதா?”

‘ஆமா’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஞானதுரை அதைச் சொல்லவில்லை.

“உங்கிட்ட யாரு சொன்னா?” என்று கேட்டார்.

ஐயோ, அந்தக் கேள்வியே ஸ்டெல்லாவுக்குப் பதிலாகிவிட்டது. ஆனாலும் மீதிக் கஞ்சியையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஸ்டெல்லாவுக்குத் தெரியவே வேண்டாம் என்று படத்தை வெட்டினார் பால்துரை. அவர் கையிலேயே கொடுத்தார் முகைதீன். எல்லாம் தெரிந்த பிறகும் அப்பாவுக்கு மீதிக் கஞ்சியை ஊட்டினார் ஸ்டெல்லா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பால்துரை நல்ல மனுஷர்தான், ஆனால் அவருடைய இரக்கத்தின் பலன் ஞானதுரைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். ரோஸ்மேரிக்குப் பேச வாய்த்ததே ஒரு கட்டம். அதையும் வெட்டி எடுத்தால் எப்படி? என் கணக்கில் முகைதீன் செய்தது சரி. ஸ்டெல்லாவைப் பற்றித்தான் என்னிடம் பலர் சண்டைக்கு வந்தார்கள். அவனுக்கா கஞ்சி என்று கொதித்தார்கள். பசித்துக் கிடக்கிற கிழவனுக்குச் சோறு போட்டால் அவனை மன்னித்துவிட்டதாக ஆகிவிடுமா என்ன? மறுவாரம் முகைதீனுக்கு ஸ்டெல்லாவிடமிருந்து தபாலில் அனுமதிக் கடிதம் வந்தது. அந்தக் கட்டத்தை முழுப் பக்க அளவில் போடச் சொல்லியிருந்தார். அதுவரை ஆயுசு முழுக்க ‘ஞா. ஸ்டெல்லா’ என்றே கையெழுத்துப் போட்டவர், அதில் ‘ரோ. ஸ்டெல்லா’ என்று போட்டிருந்தார்.