அகப்பை ஏலம்

வேட்புமனுவைத் திரும்பப் பெற அன்று மாலை மூன்று மணி வரைதான் நேரம்.

காலையில் ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குருவிடம் வந்தார். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆசிரமத்தில் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் அழைப்பார்கள்.

"எங்க ஊர் கீழப்பாறைக்குப் போயிட்டு வந்துடறேன் அம்மா."

"என்ன அவசரம்?"

"ஊராட்சித் தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்துல ஏலம் விட்டாங்க. எடுத்தவர் கோயிலுக்குப் புதுத் தேர் செஞ்சு தர்றார். தேர்தலும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். மத்தவங்க எல்லாரும் மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க. மேட்டுத் தெரு செங்கமலம் மட்டும் மாட்டேங்கிறா."

"எதுக்கு நிக்கிறாளாம்?"

"அவங்க தெருவுக்குக் குழாய் வரலையாம். கீழத் தெருக் குழாயில அந்தத் தெருக்காரங்க தண்ணி பிடிச்சு முடிச்ச பிறகுதான் இவங்க குடம் வைக்கணும். புதுத் தலைவரைக் கேட்டாப் போட்டுக் கொடுத்துடுவார். ஒரு குழாய்க்கு ஒரு தேர்தலா?"

"நீ போய் என்ன செய்வே?"

"அவ என்கிட்ட எழுத்துப் படிச்சவ. விட்டுடும்மான்னு நான் சொன்னா விட்டுடுவா. ஊரே அதைத்தான் நம்பியிருக்கு."

"ஏலத்துக்கு ஊரே வந்துச்சா?"

"ஊரே வந்தது."

"மேட்டுத் தெருவுமா?"

"அவங்களைக் கூப்பிடற வழக்கம் இல்லையே அம்மா."

குரு ஒரு தண்டை ஒடித்துப் போட்டார்.

"சாப்பிட்டுப் போ. இன்னிக்கு அமாவாசை."

அந்த ஆசிரமத்தில் ஒவ்வொரு அமாவாசையன்றும் அகப்பை கை மாறும். யார் பரிமாறலாம் என்று பெயர் சொல்வார்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டையைத் தங்களுக்குப் பிடித்தவரின் கிண்ணத்தில் போடுவார்கள். அதிகம் விழுந்தவர் கையில் அடுத்த அமாவாசை வரை அகப்பை இருக்கும்.

அன்று கிண்ணங்களை எடுத்து வைக்கப் போன முத்தையாவைக் குரு தடுத்தார்.

"இந்த மாதம் கொட்டை வேண்டாம். ஏலம் விடுவோம். ஆசிரமத்துக்கு யார் அதிகம் தர்றாங்களோ அவங்களுக்கு அகப்பை."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்கிட்ட இருக்கிறதே ரெண்டு வேட்டி. ஒண்ணை இப்பக் கட்டியிருக்கேன்" என்றார் முத்தையா. பந்தி சிரித்தது.

ஒருவர் ஒரு மூட்டை பருப்பு என்றார். முன்பு அரிசி ஆலை வைத்திருந்த குப்பண்ணன் எழுந்தார்.

"சமையல்கட்டுக் கூரை முழுக்கப் புது ஓடு."

மழைக்காலத்தில் உலை மேலேயே ஒழுகுகிற கூரை அது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆதிமூலமும் தட்டினார்.

குப்பண்ணன் அகப்பையை வாங்கிக்கொண்டு தன் கூட்டாளிகள் உட்கார்ந்த பக்கத்திலிருந்து பரிமாறத் தொடங்கினார். அங்கே குழம்பில் கத்தரிக்காய் மிதந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஆதிமூலத்தின் இலைக்கு வரும்போது குழம்பு இல்லை. கைப்பிடிச் சோறும் அதன்மேல் கொஞ்சம் ரசமும் விழுந்தன.

"அண்ணே, குழம்பு?"

"அடுத்த அமாவாசைக்குப் பார்க்கலாம்."

"இப்படிப் பரிமாறினா எப்படிண்ணே?"

குப்பண்ணன் அகப்பையால் மேலே காட்டினார்.

"அந்தக் கூரைக்கு ஓடு போடறது யாரு, நீங்களா?"

ஆதிமூலம் கூரையைப் பார்த்தார். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தார்.

கிணற்றடியில் குரு கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வயிறு நிறைஞ்சுதா?"

"இல்லம்மா."

"கேட்டியா?"

"கேட்டேன். கூரையைக் காட்டறார்."

"போன மாதம் முத்தையா பரிமாறினானே. அவன் குறை வைக்கலையா?"

"வைச்சார். முதல் நாளே எனக்குக் குழம்பு பத்தலை. அடுத்த அமாவாசைக்கு உமக்குக் கொட்டை போட மாட்டேன்னு சொன்னேன். மறுநாள்லேர்ந்து என் பக்கமிருந்துதான் ஆரம்பிச்சார்."

"குப்பண்ணன்கிட்டயும் அப்படியே சொல்லேன்."

"அவர்கிட்ட எப்படிம்மா சொல்றது? அவருக்கு நான் எதுவும் போடலையே."

சொல்லிவிட்டு ஆதிமூலம் நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றினார். மறுபடி பிரித்தார்.

"வெறும் வயித்தோட நிக்கிறேன். ஊர்ல எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. மூணு மணிக்குள்ள அவகிட்ட ஏதாவது சொல்லியாகணும். என்னம்மா சொல்லட்டும்?"

குரு வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தப் பசியோடயே போ. அவ வீட்டுல ஒரு செம்பு தண்ணி கேளு. குடிக்கிறதுக்கு முன்னாடி, அது எத்தனை மணிக்குப் பிடிச்ச தண்ணின்னு கேளு. குடிச்சு முடிச்ச பிறகும் அவகிட்ட விட்டுடும்மான்னு சொல்ல முடிஞ்சா, சொல்லிட்டு வா."