திரும்பி வராத முப்பத்தெட்டு பேர்

ஈரோடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அங்க பதினாலாம் நம்பர் ரூம்ல குரு யாருன்னா சிஸ்டர் பியூலா. சிஷ்யன் டாக்டர் குமரகுரு. இருபது வருஷம் ஆபரேஷன் பண்ண கை, சிஸ்டரை விட வயசும் ஜாஸ்தி. அதனால என்ன, இந்த ரூம்ல அவர்தான் சிஷ்யன்.

மார்பகத்துல வலின்னு வர்ற பொம்பளைங்க முன்னாடியெல்லாம் நேரா ஸ்கேனுக்குப் போவாங்க. மூணு வாரம் காத்திருப்பாங்க. இப்ப முதல்ல இந்த ரூம். சிஸ்டர் கையால பரிசோதிச்சுப் பார்ப்பாங்க, உக்கார வெச்சுப் பேசுவாங்க. கட்டி தட்டுப்பட்டா அன்னைக்கே ஸ்கேன். வெறும் வலின்னா, வலிக்கிற நாளைக் காலண்டர்ல வட்டம் போட்டுக்கிட்டு ஆறு வாரம் கழிச்சு வரச் சொல்வாங்க.

எந்த வழி நல்லதுன்னு ஒரு மாசம் கூட இருந்து பாத்துச் சொல்லுங்கன்னு மேலிடம் டாக்டரை அனுப்பியிருந்தது. அவர் வேண்டாம்னா ரூமுக்குப் பூட்டுதான்.

கடைசி நாள் டாக்டர் நோட்டை மூடினார். மூஞ்சி வாடிப் போச்சு.

"சிஸ்டர், வெறும் வலின்னு நீங்க அனுப்புனவங்கள்ல இந்த மாசம் திரும்பி வர வேண்டியது அம்பது பேர். திரும்பி வந்தது பன்னெண்டு. முப்பத்தெட்டு பேர் வரவே இல்ல. நான் என்னன்னு எழுத?"

"பாத்ததை எழுதுங்க சார்."

"எழுதினா ரூமை மூடிருவாங்க."

"சரி. அதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க."

போட்டார். ஸ்பீக்கர்ல தறிச் சத்தம்.

"யாருங்க?"

"துளசிமணி அம்மாங்களா? ஆஸ்பத்திரில இருந்து டாக்டர் பேசறேன். ஏன் திரும்ப வரலைங்க?"

"எதுக்குங்க வரணும்?"

"வலி போயிருச்சா?"

"எங்கங்க போகுது. மாசத்துல நாலு நாள் வரும், அப்புறம் அதுவே போயிரும். காலண்டர்ல வட்டம் போட்டதுல தெரிஞ்சுபோச்சு. இப்ப அதை விட பெரிய வலி என் நாத்தனாருங்க."

"அவங்களுக்கு என்ன?"

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி, போய்ச் சேந்துருவேன்னு பயந்து கம்மலைக் கழட்டி அவகிட்ட குடுத்துட்டேனுங்க. இப்பக் கேட்டா குடுத்தது குடுத்ததுதாங்கறா. டாக்டரு, இவ இப்போதைக்குச் சாகமாட்டான்னு ஒரு சீட்டு எழுதித் தருவீங்களா?"

"அப்படி யாருக்குமே எழுத முடியாதுங்களே."

"பின்ன எதுக்குங்க நான் பஸ் ஏறி வரோணும்? வெக்கட்டுங்களா, நூல் அறுந்துபோச்சு."

டாக்டர் சிரிச்ச சிரிப்பு வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் யோசிச்சார்.

"ஒருத்தங்க சொன்னா ஆச்சா சிஸ்டர்?"

"ஆகாது சார். இன்னும் முப்பத்தேழு நம்பர் இருக்கு."

டாக்டர் டீயைக் கூடத் தொடல. ஒரு அம்மா மாவரைச்சுக்கிட்டே பேசினாங்க. இன்னொருத்தங்க, ஓடிபி கேக்குற திருடன்னு நெனச்சு நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டாங்க. மூணு பேர் வலி கூடியிருக்குன்னாங்க. அவங்களை நாளைக்கே வரச் சொன்னார். மத்தவங்க எல்லாம் துளசிமணி கதைதான்: வலி வருது, அதுவே போயிருது.

சாயங்காலம் பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிறுத்திட்டார்.

"மூணு பேர் நாளைக்கு வந்துருவாங்க. மீதி முப்பத்தஞ்சு பேர் எங்க போனாங்கன்னு மேல கேப்பாங்களே, என்ன சொல்ல?"

சிஸ்டர் கையைக் கழுவித் துடைச்சாங்க.

"வேலைக்குப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க சார்."