காலித் தோட்டா கிடந்த இடம்

"இந்தத் தோட்டாவுல பலமே இல்ல, உஸ்தாத்."

சொன்னவர் பெத்தணன். வயது ஐம்பத்தைந்து. மலையடிவாரத்துச் சோளக்காடுகளைப் பன்றிகளிடமிருந்து காக்கச் சர்க்கார் லைசென்ஸ் கொடுத்த காலம் அது. ஊருக்கு இருந்த ஒரே ரைபிள் அவர் கையில்தான் இருந்தது.

கேட்டவர் மீரான். துப்பாக்கி பழுது பார்ப்பவர், தோட்டாவைக் கையால் கட்டித் தருபவர். பெத்தணனைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் ரைபிளைத் துடைக்கக்கூட அவரிடம்தான் பெத்தணன் கற்றுக்கொண்டார். அதனால் வயதைப் பார்க்காமல், ஆசான் என்ற பொருளில் உஸ்தாத் என்றே கூப்பிடுவார்.

உஸ்தாத் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"பலம் இல்லன்னு யாரு சொன்னது?"

"பன்னிதான். குண்டு வாங்கிட்டு, நின்னு என்னையத் திரும்பிப் பாத்துட்டுல்ல போச்சு!"

"எங்க பட்டுச்சு?"

"பின்னங்கால் சப்பையில."

"வெடிமருந்து ரெண்டு பங்கு போட்டிருந்தா எங்க பட்டிருக்கும்?"

பெத்தணன் வாயைத் திறந்தார். யோசித்தார்.

"சப்பையிலதான்."

உஸ்தாத் மறுபடியும் அரத்தை எடுத்துக்கொண்டார்.

பெத்தணன் எழுந்து போகவில்லை. போக முடியாத நிலைமை. அடிபட்ட அந்த ஒற்றைப் பன்றி மலையேறி ஓடவில்லை. நொண்டிக்கொண்டே சோளத்துக்குள் பதுங்கிவிட்டது. மறுநாள் காலையில் மாட்டுக்குத் தட்டை அறுக்கப் போன பெத்தணனின் மைத்துனன் சோலையப்பனை அது தொடையில் கிழித்துவிட்டது. சோலையப்பன் பிழைத்துக் கட்டிலில் கிடக்கிறான். பன்றியும் பிழைத்துச் சோளத்தில் கிடக்கிறது.

கதிர் முற்றிவிட்டது. வருகிற வாரம் பெண்கள் கதிர் ஒடிக்க இறங்குவார்கள். அதற்குள் அந்தப் பன்றி ஒரே வெடியில் விழ வேண்டும். இன்னொரு முறை அரைகுறையாகச் சுட்டால், அடுத்த கட்டில் யாருக்கு என்று தெரியாது. அந்தப் பயத்தில் பெத்தணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"எல்லாரும் வச்சிருக்கிற சாதாரணத் தோட்டாதான் இது," என்றார் பெத்தணன். "ஆனா உங்ககிட்டக் கட்டிக்கிட்டுப் போற வெளியூர்க்காரங்க ஒரே வெடியில படுக்க வச்சிருதாங்க. எனக்கும் கட்டிக் குடுங்க."

"காலித் தோட்டா கொண்டாந்தீங்களா அண்ணே?"

"காலி எதுக்கு? புதுசே வாங்கித் தாரேன்."

"புதுசு, நாட்டுல இருக்கிற எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாச் செஞ்சது. உங்க துப்பாக்கியில ஒருக்க வெடிச்சாத்தான் அந்தப் பித்தளை உங்க துப்பாக்கிக்குள்ள பாந்தமா உக்கார்ற அளவுக்கு உப்பும். நான் அதுலதான் கட்டுவேன்."

"அவ்வளவுதான? இப்பவே மேல பாத்து நாலு வெடி போட்டு எடுத்துத் தாரேன்."

"அது வேணாம். அன்னைக்குப் பன்னி மேல வெடிச்சீங்கல்ல, அதைக் கொண்டாங்க."

"அது எங்க கெடக்கோ!"

"சுட்ட எடத்துலதான் கெடக்கும். எம்புட்டுத் தூரத்துல நின்னு சுட்டீங்க?"

"கிட்டத்துலதான். அந்தா, உங்க முருங்கை மரம் நிக்கிற தூரம்."

உஸ்தாத் முருங்கை மரத்தைப் பார்த்தார். பெத்தணனைப் பார்த்தார்.

பெத்தணன் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். தோட்டா கட்டித் தரச் சொன்னால் குப்பை பொறுக்க அனுப்புகிற உஸ்தாத் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

பன்றி தண்ணீர் குடிக்க வரும் ஓடைப் பள்ளத்துக்குப் போனார். அங்கிருந்து முருங்கை மர தூரத்தை உத்தேசமாக அளந்து நின்றார். குனிந்து புல்லை விலக்கித் தேடினார்.

ஒன்றும் இல்லை.

"எவனோ பித்தளைக்கு ஆசைப்பட்டுப் பொறுக்கிட்டான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருந்தாலும் வந்தது வந்தோம் என்று மேட்டில் ஏறித் தேடினார்.

பாதி மேட்டில், உண்ணிச்செடி ஓரத்தில் மூன்று காலித் தோட்டாக்கள் கிடந்தன. மழையில் நனைந்து கறுத்திருந்தன. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்.

அடிபட்டு ஓடிய பன்றியின் பின்னால் இறங்கி ஓடிவந்து, மூச்சு வாங்கச் சுட்டவை அவை. பெத்தணன் அந்த இடத்தில் உட்கார்ந்து, அன்று குறி பார்த்த திசையைப் பார்த்தார். சோளக் கொண்டைகள் மட்டும் தெரிந்தன. அவர் சுட்டது பன்றியை அல்ல, ஆடிய சோளத்தை.

சோளத்துக்கு அந்தப் பக்கம் வண்டிப் பாதை. தலையில் புல்லுக்கட்டோடு ஒருத்தி அதில் போய்க்கொண்டிருந்தாள்.

பெத்தணன் சுட்ட மூன்று குண்டும் அந்தப் பாதையை நோக்கித்தான் போயிருக்கின்றன. அவள் கண்ணுக்கு மறைகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை.

முதலில் சுட்ட தோட்டாவை இன்னும் காணவில்லை. மேலே ஏறினார். இன்னும் ஏறினார். கடைசியில் அது ஒரு தட்டைப் பாறையின் அடியில் கிடந்தது. அன்று சாய்ந்து உட்கார வசதியாக இருக்கிறதென்று அவர் பிடித்த இடம்.

பாறையில் உட்கார்ந்து ஓடைப் பள்ளத்தைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. அதில் ஒரு பன்றி நின்றால் சுண்டெலி அளவுதான் இருக்கும்.

முருங்கை மர தூரமாம்! ஒரு முருங்கைத் தோப்பே வைக்கலாம்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொல்லத் தூரம் சுருங்கிவிட்டது. கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார். வெட்கம் காதுவரை ஏறியது. அன்று பன்றி ஓடையோரமாக இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது, கொஞ்சம் பொறுத்திருந்தால் கிட்டவே வந்திருக்கும் என்பதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

தோட்டாக்களை வேட்டி முனையில் முடிந்துகொண்டு இறங்கினார்.

"கெடச்சுதா அண்ணே?" என்றார் உஸ்தாத்.

"கெடச்சுது."

"எங்க?"

பெத்தணன் தரையைப் பார்த்தார். "சொன்ன எடத்துல இல்ல."

உஸ்தாத் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பித்தளையைக் கழுவித் துடைத்தார். தோட்டாவின் கழுத்தை நெருக்கினார். சின்னத் தராசில் மருந்தை நிறுத்துப் போட்டார். குண்டை வைத்து அழுத்தி மூடினார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பெத்தணன், எவ்வளவு மருந்து என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பெத்தணன் ஓடையருகே தாழம்புதரில் படுத்தார். தன் வாடை பன்றிக்குப் போகாதபடி, காற்று எதிரே வருகிற மாதிரி பார்த்து இடம் பிடித்தார். பீடியை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

பன்றி வந்தது. அக்கரை மேட்டில், தூரத்தில். விரல் தானாகத் துப்பாக்கிக் குதிரைக்குப் போனது. பெத்தணன் விரலை வெளியே எடுத்தார். பன்றி திரும்பிப் போய்விட்டது.

"சுடாமலா வந்தீங்க?" என்றாள் மனைவி.

"ஆமா."

"அதுக்கு ஏன் சிரிச்சுக்கிட்டே வாரீங்க?"

அது அவருக்கே தெரியவில்லை. ஆனால் அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் அது பள்ளத்துக்கே வந்தது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பின்னங்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் தூக்கித் தூக்கி வைத்தது. சப்பையில் ஈ மொய்த்தது. இத்தனை நாளும் இந்தக் காலோடுதான் நடந்திருக்கிறது. பெத்தணனுக்கு முதல் தடவையாக அதன்மேல் இரக்கம் வந்தது.

ஒரே வெடி. பன்றி நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

பெண்கள் பாட்டும் கேலியுமாகச் சோளத்தில் இறங்கினார்கள். சோலையப்பன் கட்டிலை வாசலில் போடச் சொல்லி, படுத்தபடியே வேடிக்கை பார்த்தான். பெத்தணன் ஒரு சாக்கு நிறையக் கதிரைக் கட்டிக்கொண்டு உஸ்தாத் வீட்டுக்குப் போனார். பன்றிக்கறியையா அங்கே கொண்டுபோக முடியும்?

உஸ்தாத் ஒரு கதிரைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். சந்தோஷமாகச் சிரித்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உங்க தோட்டாவுல நான் போட்ட மருந்து, கடைத் தோட்டாவுல இருக்கிறதைவிடக் கம்மி. கம்மியாப் போட்டாத்தான் உங்க துப்பாக்கி ஒரே எடத்துல அடிக்குது. அன்னைக்கே சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

பெத்தணன் தராசைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இப்ப வேணும்னா கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தாரேன்," என்றார் உஸ்தாத், தராசைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டே. "குண்டு இன்னும் தூரம் போகும்."

"அது போக வேணாம், உஸ்தாத்," என்றார் பெத்தணன். "நான் கிட்டப் போய்க்கிறேன்."