இலுப்பைத் தோப்பில் அரிவாள்

முதலில் தோப்பைச் சுற்றி முள்வேலி வந்தது. அடுத்து, இலுப்பை விதை பொறுக்கும் பெண்கள் பாதியைக் கோவிலுக்கு அளக்க வேண்டும் என்றார் தர்மகர்த்தா. மூன்றாவதாக, சாமி மரத்தில் இரும்பு படக்கூடாது என்று அரிவாளையும் தொரட்டியையும் வேலிக்கு வெளியே நிறுத்தினார். பூக்கும் காலத்துக்கு முன் ஆளுக்கொரு மரமாகப் புல்லுருவி அறுக்கும் வழக்கம் அத்தோடு நின்றது. அன்றிலிருந்து புல்லுருவிக்குக் கொண்டாட்டம். கிளைக்குக் கிளை ஏறி உட்கார்ந்து சாற்றை உறிஞ்சியது. மரம் பூக்க மறந்தது, விதை அற்றுப்போனது. நான்காவதாகத் தர்மகர்த்தா சொன்னார்: "காய்க்காத மரம் எதற்கு? வெட்டி ஏலம் விடுவோம்."

இரும்பு படக்கூடாத சாமி மரமாம்! ஏலக்காரன் கோடாரி மட்டும் பூவால் செய்ததோ?

வெள்ளைக்கண்ணு கொதித்துப்போனார். ஊர் ஊராகக் கொடி பிடித்துச் சிறையும் பார்த்தவர். கோபம் ஆளைத் தின்கிறதே என்று, அதைத் தொலைக்கத்தான் தோப்போரக் குடிலில் தவமணியம்மையிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். குருவுக்கு வயது அவரைவிடக் குறைவு. "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

"அம்மா, கோபம்தான் மனுசனுக்குப் புல்லுருவி, பிடுங்கி எறின்னு ஒரு சாமியார் சொன்னார். பிடுங்கப் பிடுங்க முளைக்குது. நான் என்ன செய்ய?"

அம்மை அரிவாளை எடுத்து நீட்டினார். "மரத்துல ஏறி ஒண்ணைப் பிடுங்குங்க. பார்ப்போம்."

"இரும்பு படக்கூடாதாமே?"

"யார் சொன்னது?"

வெள்ளைக்கண்ணு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினார். விதை பொறுக்கும் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"பெரியவரே, விழுந்து தொலைச்சிராதீங்க!" என்றாள் பஞ்சவர்ணம். "உங்க தலைமாட்டுல விளக்கேத்தக்கூட இந்த வருசம் எண்ணெய் இல்ல."

அவர் ஏறினார். செம்பூவோடு தொங்கிய புல்லுருவிக் கொத்தைக் கை கொண்ட மட்டும் பிய்த்துக் கீழே எறிந்தார்.

"முடிஞ்சதம்மா!"

"முடியல. கிளையைத் தடவிப் பாருங்க."

கிளையில் ஒரு முண்டு தட்டுப்பட்டது. புல்லுருவியின் வேர் கட்டைக்குள்ளேயே இறங்கியிருந்தது.

"அது திரும்பத் தழைக்கும். முண்டுக்கு ஒரு சாண் கீழே, கிளையோட வெட்டுங்க."

"நல்ல கிளையாச்சே, அம்மா. மரத்துக்கு வலிக்காதா?"

"வலிக்கும். வெட்டுங்க."

வெட்டினார். கிளை விழுந்த சத்தம் அடங்குவதற்குள் பஞ்சவர்ணம் வீட்டுக்கு ஓடி அரிவாளோடு வந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும்.

உச்சிப்பொழுதில் கோவில் கணக்கர் நாகலிங்கம் சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெட்டிய கிளைகளைப் பார்த்தார். சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டிய மகஜரை எழுத உட்கார்ந்தார்.

"சாமி மரத்துக்குச் சேதம். செஞ்சவங்க பேரைச் சொல்லுங்க. போலீசுக்குப் போகணும்."

பெண்கள் அரிவாளை முந்தானையில் மறைத்தார்கள். பெயர் ஏறிவிட்டால் சிறை மட்டுமல்ல. தோப்பு வாசலையே மிதிக்க முடியாது. வெள்ளைக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தி முன்னே வந்தார்.

"என் பேரை எழுதய்யா. எனக்குச் சிறை புதுசில்ல."

"நில்லுங்கண்ணே," என்றார் அம்மை. "அது வெறும் இலை. முண்டு வேற இடத்துல இருக்கு."

பிறகு கணக்கரிடம் திரும்பினார். "சேதம் செஞ்சவர் பேர்தானே வேணும்? இத்தனை வருசம் இந்தத் தோப்புக்குள்ள அரிவாள் வராமத் தடுத்தது யாரு? அவர் பேரை எழுதுங்க."

நாகலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, என் பிழைப்பு…"

"பேனாவுல மை தீர்ந்துபோச்சா?" என்றாள் பஞ்சவர்ணம். "ஊத்தலாம்னா இலுப்பெண்ணெயும் இல்லியே!"

சாட்சிக்கு வந்தவர்களில் ஒருவர் வெட்டுண்ட கிளையைப் புரட்டினார். முண்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"எழுதுப்பா. வேற பேர் எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நாகலிங்கம் எழுதினார். அம்மை காகிதத்தை வாங்கி வெள்ளைக்கண்ணுவிடம் கொடுத்தார். அவர் அதைக் கண்ணுக்கு அருகே பிடித்தார்.

"கோபத்துல எழுத்தே தெரியல, அம்மா."

"கோபம் இருக்கட்டும். நிதானமா, சத்தமா வாசிங்க. அவர் தகப்பன் பேரையும் விட்டுடாதீங்க."

வெள்ளைக்கண்ணு சாட்சிகளின் முகத்தைப் பார்த்து வாசித்தார்:

"தர்மகர்த்தா, வைத்தியநாதன் மகன், தெய்வசிகாமணி."