இடது காலில் ஒன்று, வலது காலில் ஒன்று

மருதாசலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்துநாலு. கோயம்புத்தூரில் ஒரு மாடியறையில் பழைய பிலிம் கேமராக்களைப் பழுது பார்க்கும் பிலோமினாதான் அந்தக் குரு. அவளை அவர் கூச்சமில்லாமல் "டீச்சர்" என்பார். ஃபவுண்டரியில் முப்பது வருஷம் மர அச்சு செதுக்கியவர். வேலை தெரிந்தவரிடம் பணிந்துபோக அவருக்கு வெட்கம் கிடையாது.

எட்டு மாதமாக அவர் ஒரு கேமரா செய்துகொண்டிருந்தார். ஒரே மாதிரியான இரண்டு மலிவுக் கேமராக்களை அறுத்து, அருகருகே சேர்த்து ஒட்டியது. லென்ஸ்களுக்கு நடுவே நம் இரு கண்களுக்கு உள்ள இடைவெளி. ஒரே அழுத்தில் இரண்டு படம் விழும். இரண்டையும் ஒரு பெட்டிக்குள் வைத்து இரு கண்ணாலும் பார்த்தால், படத்தில் இருப்பவர் எதிரில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிவார்.

அவசரமில்லாமல் நடந்த வேலைதான். போன வாரம் டாக்டர் ஒரு செய்தி சொன்னார். வலது கண்ணுக்குள் கட்டி. வியாழக்கிழமை கண்ணையே எடுத்துவிட வேண்டும்.

செவ்வாய் காலையிலேயே மனைவி தெய்வானையையும் அழைத்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார்.

"டீச்சர், ஒரு கண்ணு போனா எல்லாமே போட்டோ மாதிரி தட்டையாயிருமுங்களா?"

"அந்தக் கடைசி ஸ்க்ரூவைப் போடுங்கண்ணா."

போட்டார். அவசரத்தில் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டார். உள்ளே ஏதோ முறிந்தது. வலது பக்க ஷட்டர் அதன்பிறகு திறக்கவே இல்லை.

மருதாசலத்தின் முகம் வெளிறிப்போனது.

"போச்சுங்க டீச்சர். இன்னொண்ணு தேட நாளெங்க இருக்குது? இவளை ஒரே ஒரு தடவை முழுசாப் பாத்து மனசுல வெச்சுக்கலாம்னு இருந்தேன்."

"அதான் எதுத்தாப்புல நிக்கிறேனே, பாருங்க" என்றாள் தெய்வானை.

"நீயெங்க ஒரு எடத்துல நிக்கிறே?"

தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முறிந்த பக்கம் வெளிச்சம் கசியாமல் இருக்க, பிலோமினா வலது லென்ஸின் மேல் கறுப்பு டேப் ஒட்டினாள். தெய்வானையை ஜன்னலோரம் உட்கார வைத்து, அவள் கொண்டுவந்திருந்த டிபன் கேரியரை மடியில் வைத்தாள்.

"அசையக் கூடாதுங்க்கா."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க. அண்ணா, இடது கால்ல ஊனி நின்னு ஒண்ணு எடுங்க. பிலிமைச் சுத்துங்க. வலது கால்ல ஊனி இன்னொண்ணு எடுங்க. ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற தூரம் நீங்க நகர்ந்தாப் போதும்."

"அதுக்குள்ள அவ அசைஞ்சுட்டா?"

"அதை அவங்ககிட்டத்தான் கேக்கணும்."

தெய்வானை டிபன் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மருதாசலம் ஒன்று எடுத்தார். பிலிமைச் சுற்றும்போது விரல் வழுக்கியது. இரண்டு முறை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இன்னொன்று எடுத்தார். வீட்டில் ஒரு நிமிஷம் உட்காராதவள் இமைகூடக் கொட்டவில்லை.

பிலோமினா கழுவிப் போட்ட படங்கள் நான்கு மணிக்குக் காய்ந்தன. பெட்டிக்குள் பார்த்தவர் முதலில் பதறினார். இரண்டு தெய்வானை தெரிந்தார்கள். பிறகு இருவரும் மெல்ல நெருங்கி ஒருத்தியானார்கள். டிபன் கேரியர் முன்னால் வந்தது. ஜன்னல் பின்னால் போனது. நடுவில் அவள் இருந்தாள். அவரையறியாமல் கை நீண்டது.

வெகுநேரம் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தபோது முகம் மறுபடி இருண்டிருந்தது.

"இதைப் பாக்கவும் ரெண்டு கண்ணு வேணுமே டீச்சர். வியாழக்கிழமைக்கு அப்புறம்?"

பிலோமினா பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஒட்டியது போக மிச்சமிருந்த டேப்பைக் கையில் எடுத்து, அவருடைய மூக்குக் கண்ணாடியின் வலது பக்கத்தை மூடினாள்.

"அக்காவைப் பாருங்க. இடது கால்."

பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற மின்கம்பம் தெய்வானையின் காதை ஒட்டித் தெரிந்தது.

"வலது கால்."

கம்பம் அவள் தலைக்குப் பின்னால் போய் மறைந்தது. தெய்வானை இருந்த இடத்திலேயே இருந்தாள்.

மறுபடி இடது கால். மறுபடி வலது கால். கம்பம் வந்தது, போனது. அவள் முன்னால் இருப்பதும் கம்பம் தள்ளி நிற்பதும் அந்த ஒரு கண்ணுக்கே தெரிந்தது. மருதாசலம் நிறுத்தவில்லை. மூடாத கண்ணில் தண்ணீர் கோத்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"பிலோமினா, இன்னும் எத்தனை நேரந்தான் நான் இப்படியே உக்காந்திருக்கிறது?" என்று கேட்டாள் தெய்வானை.

"கொஞ்ச நேரம் இருங்க்கா. அவரு நகர்ந்துட்டிருக்காரு."